டாக்டரக்கா பதில்கள்: கருத்தடை மாத்திரையோட எது சேரும், எது சேராது?

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே சந்தேகம்தான், கருத்தடை மாத்திரை எடுத்துட்டு இருக்கும்போது நடுவுல வேற மாத்திரை சாப்பிட்டா என்னாகும்னு. அதனால முடி கொட்டறது, முட்டி வலி எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். பேர் போடாதீங்கன்னு எல்லாருமே எழுதியிருந்தீங்க, ஒருத்தர் விடாம. ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: எனக்கு 27 வயசு டாக்டர், 2 வருஷமா மாலா-டி எடுக்கறேன். போன வாரம் தொண்டை வலி, ஜுரம்னு போனதுக்கு அமாக்ஸிசிலின் 5 நாளைக்கு எழுதி குடுத்தாங்க. ஆன்டிபயாடிக் சாப்பிட்டா மாலா-டி வேலை செய்யாதுன்னு என் நாத்தனார் சொல்றா, அவ நர்சிங் படிச்சவ. நான் பயந்துபோய் 2 நாள்லயே ஆன்டிபயாடிக்கை நிறுத்திட்டேன். செஞ்சது சரியா? – திண்டுக்கல்

பதில்: நாத்தனாரை குத்தம் சொல்ல மாட்டேன், நானும் படிக்கிற காலத்துல அப்படித்தான் படிச்சேன். மாத்திரைல இருக்கற ஈஸ்ட்ரோஜன் ஈரல் வழியா பித்தத்துல கலந்து குடலுக்கு வரும், அங்க இருக்கற கிருமிங்க அதை பிரிச்சு விட்டதும் அது மறுபடி ரத்தத்துக்கு போகும், ஆன்டிபயாடிக் அந்த கிருமிங்களை கொன்னுட்டா இந்த ரெண்டாவது ரவுண்டு நடக்காது, அதனால மாத்திரையோட பலம் குறைஞ்சிடும்னு ஒரு கணக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரத்தத்துல ஹார்மோன் அளவை எடுத்து பாத்தப்ப அப்படி ஒண்ணும் குறையலை. பிரிட்டன்ல 2011லயே அந்த பழைய அட்வைஸை மாத்திட்டாங்க, உலக சுகாதார நிறுவனமும் சாதாரண ஆன்டிபயாடிக்கோட தாராளமா எடுக்கலாம்னுதான் சொல்லுது. அமாக்ஸிசிலின், அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல் எதுவுமே மாலா-டி கிட்ட வம்புக்கு போகாது. ஒரே ஒரு குடும்பத்தை தவிர, அதுக்கு அடுத்த கடிதத்துல வரேன்.

ஆனா ஒண்ணு, ஆன்டிபயாடிக் வயித்தை கலக்கி விடும் பாருங்க, பிரச்சனை அங்கதான். மாலா-டி முழுங்கி 2, 3 மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டா அந்த மாத்திரை உள்ள போகலைன்னு அர்த்தம், வேற அட்டைலேர்ந்து இன்னொண்ணு போட்டுக்கணும். ஒரு நாளுக்கு மேல தண்ணி தண்ணியா போனாலும், இல்ல வாந்தி நிக்காம இருந்தாலும், அத்தனை நாளும் மாத்திரையை மறந்த மாதிரிதான் கணக்கு. சரியானதுக்கு அப்புறம் ஹார்மோன் இருக்கற வெள்ளை மாத்திரையை விடாம 7 நாள் போடற வரைக்கும் காண்டம் வெச்சுக்கோங்க. மத்தபடி ஆன்டிபயாடிக்கை பாதில நிறுத்தினதுதான் தப்பு. தொண்டை வலி இன்னும் இருந்தா எழுதி குடுத்த டாக்டர்கிட்டயே போய் நிறுத்தினதை சொல்லுங்க, மெடிக்கல்ல போய் நீங்களா வாங்கி மறுபடி ஆரம்பிக்காதீங்க.

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயசு 31, ரெண்டு குழந்தைங்க. கழுத்துல கட்டி வந்து டெஸ்ட் எடுத்ததுல டிபின்னு சொல்லி கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில மாத்திரை குடுக்கறாங்க, 2 மாசம் ஆகப்போகுது. ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும் பயப்படாதீங்கன்னு முதல்லயே சொல்லிட்டாங்க, அது மாதிரிதான் போகுது. நான் 3 வருஷமா நர்ஸம்மா குடுக்கற மாலா-என் சாப்பிடறேன், ஒரு நாள் கூட விட்டதில்ல. இப்ப நடுவுல நடுவுல துளி துளியா ரத்தம் படுது. டிபி மாத்திரை சூடுன்னு எங்கம்மா சொல்றாங்க, அதனாலயா? – ராணிப்பேட்டை

பதில்: சூடு இல்லம்மா. உங்க கடிதத்தை படிச்சதும் எனக்கு திக்குன்னு ஆச்சு, ஏன்னா ஒரு மாத்திரை கூட விடாம சாப்பிட்டும் நீங்க கிட்டத்தட்ட 2 மாசமா பாதுகாப்பு இல்லாம இருக்கீங்க. முதல் வேலையா நாளைக்கு காலைல எந்திரிச்சதும் யூரின்ல கர்ப்ப டெஸ்ட் பண்ணுங்க, மத்ததை அப்புறம் படிக்கலாம்.

டிபிக்கு குடுக்கற மாத்திரைல ரிஃபாம்பிசின்னு ஒண்ணு இருக்கு. ஒண்ணுக்கு ஆரஞ்சா போறது அதனாலதான். நான் மேல சொன்ன அந்த ஒரே குடும்பம் இதுதான், ரிஃபாம்பிசின், ரிஃபாபென்டின், ரிஃபாபூட்டின்னு அண்ணன் தம்பிங்க. நாம சாப்பிடற ஹார்மோனை உடைச்சு வெளிய அனுப்பற வேலையை ஈரல்ல இருக்கற என்சைம்கள் செய்யுது. மாலா-என் மாத்திரைல இருக்கறதே கம்மிதான், 0.03 மில்லிகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியால், 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல். நாலு ஆள் வேலை செய்யற களத்துல ரிஃபாம்பிசின் வந்து நாப்பது ஆளை இறக்கி விட்டா எப்படி இருக்கும், அந்த மாதிரி என்சைம் பெருகிடும், காலைல நீங்க போட்ட மாத்திரை சாயங்காலத்துக்குள்ள பாதிக்கு மேல காலி. முட்டை வெளிவராம புடிச்சு வெக்கற அளவுக்கு ஹார்மோன் இருக்காது. துளி துளியா ரத்தம் படுதுன்னு சொன்னீங்களே, ஹார்மோன் பத்தலைன்னு உடம்பு குடுக்கற சிக்னலா அது இருக்கலாம். சில பேருக்கு அந்த சிக்னல் கூட வராது, நேரா நாள் தள்ளிப்போறப்பதான் தெரியும்.

இது ஒண்ணும் புது கண்டுபிடிப்பு இல்ல, 1970களோட தொடக்கத்துலயே ஜெர்மனில டிபிக்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்ட பெண்கள் மாத்திரையையும் மீறி கர்ப்பமானதை டாக்டருங்க கவனிச்சு எழுதிட்டாங்க. அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒண்ணுக்கு கலர் மாறும்னு சொல்ல ஞாபகம் இருக்கற நமக்கு இதை சொல்ல மட்டும் வாய் வர்றதில்ல, அதுல எனக்கு என் ஆளுங்க மேலயே கோவம் உண்டு.

என் மேலயும்தான். நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல, வார்டுல ஒரு பொண்ணுக்கு டிபி மாத்திரை ஆரம்பிக்கறப்ப "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறியாம்மா"ன்னு கேட்டேன், "இல்லீங்க"ன்னா, எழுதிக்கிட்டேன். 5 மாசம் கழிச்சு வயித்தோட வந்து நின்னா. மாலா-டி அட்டையை மாமியாருக்கு தெரியாம அரிசி டப்பாக்குள்ள வெச்சு வெச்சு சாப்பிட்டிருக்கா. ஏம்மா அன்னிக்கு சொல்லலைன்னு கேட்டா, "நீங்க கேட்டது நோய்க்கு சாப்பிடற மாத்திரையைன்னு நெனச்சேன், அதுவுமில்லாம அத்தை பக்கத்துலயே நின்னாங்களே"ன்னா. அத்தையை ரெண்டு நிமிஷம் வெளிய நிக்க சொல்லணும்னு எனக்கு தோணலை பாருங்க. அதுலேர்ந்து கேள்வியை மாத்திட்டேன், "குழந்தை தள்ளிப்போட என்ன பண்றீங்க"ன்னு தனியா கூப்பிட்டு நேராவே கேட்டுடறது.

சரி, உங்க விஷயத்துக்கு வரேன். டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்தா இன்னிலேர்ந்து காண்டம், 3 வாரம் கழிச்சு இன்னொரு தடவை டெஸ்ட். மாலா-என்னை ரெண்டு ரெண்டா போட்டுக்கறேன்னு மட்டும் கிளம்பாதீங்க, அது சரியான வழி இல்ல. டிபி மாத்திரையை நிறுத்தற பேச்சுக்கே இடமில்ல, அது இதைவிட பெரிய ஆபத்து. ரெண்டு குழந்தை இருக்கறதால காப்பர்-டி உங்களுக்கு நல்லா ஒத்துவரும், அதுல ஹார்மோனே கிடையாது, ஈரல் எத்தனை ஆளை இறக்கினாலும் அதுக்கு கவலை இல்ல, 380ஏன்னு வர்றது 10 வருஷம் வரைக்கும் தாங்கும். கழுத்து கட்டி டிபிக்கு போட்டுக்கலாம், கர்ப்பப்பைலயே டிபி இருக்கறவங்களுக்குத்தான் போடக்கூடாது. காப்பர்-டி பயமா இருந்தா 3 மாசத்துக்கு ஒரு தடவை போடற அந்தரா ஊசி இருக்கு, அதுல மருந்து அளவு போதுமானதா இருக்கறதால ரிஃபாம்பிசின் ஒண்ணும் பண்ணாது. ரெண்டுமே கவர்ன்மென்ட்ல இலவசம்.

டிபி கோர்ஸ் வழக்கமா 6 மாசம். முதல் 2 மாசம் 4 மருந்து, அப்புறம் 4 மாசம் 3 மருந்து, ரெண்டுலயுமே ரிஃபாம்பிசின் இருக்கும். முடிஞ்ச அன்னிக்கே ஈரல் பழைய நிலைக்கு வந்துடாது, கூட்டிட்டு வந்த ஆளுங்க கலைஞ்சு போக இன்னும் 4 வாரம் ஆகும். அந்த 4 வாரமும் மாத்திரையை நம்பக்கூடாது, ஆக மொத்தம் 7 மாசம்னு மனசுல வெச்சுக்கோங்க.

ஒருவேளை டெஸ்ட் பாசிட்டிவா வந்தா? இடிஞ்சு போகாதீங்க. வழக்கமான டிபி மருந்துங்க கர்ப்பத்துலயும் குடுக்கற மருந்துங்கதான், மாலா-என்னை மட்டும் நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க, வெச்சுக்கறதா வேணாமான்னு நீங்களும் உங்க வீட்டுக்காரரும் நிதானமா முடிவு பண்ணலாம்.

இன்னொண்ணு, வீட்டுல ஒருத்தருக்கு டிபின்னா கூட இருக்கறவங்களுக்கும் வராம தடுக்க மாத்திரை குடுப்பாங்க. வாரத்துக்கு ஒரு தடவைன்னு 12 வாரம் குடுக்கறதுல ரிஃபாபென்டின் இருக்கு, அதுக்கும் இதே கதைதான். உங்க வீட்டுல நாத்தனாரோ ஓரகத்தியோ அதை சாப்பிட்டுட்டு கூடவே மாலா-டியும் எடுத்தா காதுல போட்டு வைங்க, நோயே இல்லாம சாப்பிடற மாத்திரைங்கறதால யாரும் யோசிக்கவே மாட்டாங்க. தினமும் 6 மாசம் சாப்பிடற ஐசோனியசிட் மட்டும்னா பயமில்ல.

கேள்வி: என் தங்கைக்கு 24 வயசு, சின்ன வயசுலேர்ந்து வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடறா, 4 வருஷமா வரவே இல்ல. அடுத்த மாசம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல சொல்லியாச்சு, அவங்களுக்கு பிரச்சனை இல்ல. ஒரு வருஷம் குழந்தை வேணாம்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்காங்க. மாலா-டி வாங்கி குடுக்கலாமா? – கோவில்பட்டி

பதில்: சொல்லிட்டு கல்யாணம் பண்றீங்க பாருங்க, அதுக்கே பெரிய நன்றி. மறைச்சு கட்டி வெச்சு, கல்யாண வீட்டுல மாத்திரை போட பயந்து நிறுத்தி, வலிப்போட வர்ற பொண்ணுங்களை நான் பாத்திருக்கேன்.

மாலா-டி வேணாம். ஃபெனிட்டாயினும் ரிஃபாம்பிசின் பண்ற அதே வேலையைத்தான் பண்ணும், கொஞ்சம் கம்மியா. வலிப்புக்கு குடுக்கற கார்பமசெபைன், ஃபீனோபார்பிட்டோன், ஆக்ஸ்கார்பசெபைன் எல்லாம் இதே கட்சி, டோபிராமேட்டும் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் போனா இதுல சேந்துக்கும். லெவெடிராசெடாம், வால்ப்ரோயேட் ரெண்டும் கருத்தடை மாத்திரையை தொடாது. அதுக்காக வால்ப்ரோயேட் நல்ல மருந்து, அதுக்கு மாத்திக்கலாம்னு நினைச்சுடாதீங்க, கர்ப்பத்துல அது ரொம்ப மோசம், அதை சாப்பிடற அம்மாக்களோட குழந்தைங்கள்ல சுமார் 10ல ஒண்ணுக்கு பிறவிக்குறை வருது, வளர்ச்சி, படிப்புல வர்ற பாதிப்பு தனி. கல்யாண வயசு பொண்ணுங்களுக்கு வேற வழி இருக்கற வரைக்கும் அதை தவிர்க்கறதுதான் இப்ப வழக்கம்.

லாமோட்ரிஜின் கதை தலைகீழ். அது மாலா-டியை கெடுக்காது, மாலா-டி அதை கெடுக்கும். ஈஸ்ட்ரோஜன் சேந்தா ரத்தத்துல லாமோட்ரிஜின் அளவு பாதி வரைக்கும் இறங்கிடும், நல்லா இருந்த பொண்ணுக்கு திடீர்னு வலிப்பு வரும், கண்ணு பட்டுடுச்சுன்னு வீட்டுல சுத்தி போடுவாங்க. மாலா-டி அட்டைல கடைசியா இருக்கற 7 பழுப்பு மாத்திரை வாரம் வந்தா ஈஸ்ட்ரோஜன் இல்லாததால அளவு மறுபடி ஏறி தலை சுத்தும், கண்ணு ரெண்டு ரெண்டா தெரியும். உங்க தங்கைக்கு இது இல்லைன்னாலும் படிக்கிற வேற யாருக்காவது உதவும்னு சொல்றேன்.

இப்ப செய்ய வேண்டியது, கல்யாணத்துக்கு முன்னாடியே வலிப்பு டாக்டரை ஒரு தடவை பாத்துடுங்க, ஒரு வருஷம் கழிச்சு குழந்தை வேணும்னா எந்த மருந்து, எவ்வளவு ஃபோலிக் ஆசிட்னு அவர் இப்பவே திட்டம் போடணும். அதுவரைக்கும் காண்டம், இல்லைன்னா காப்பர்-டி. குழந்தை பெறாத பொண்ணுக்கு காப்பர்-டி போடக்கூடாதுங்கறது சும்மா ஊர்ல சொல்றது, போடலாம். அந்தரா ஊசியும் ஃபெனிட்டாயினோட வேலை செய்யும், ஆனா நிறுத்தினப்புறம் கர்ப்பம் தரிக்க மாசக்கணக்குல தாமதம் ஆகலாம், ஒரு வருஷத்துலயே குழந்தை வேணும்னு நினைக்கறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். காண்டம்னா தேங்கா எண்ணெய், வேசலின் எதுவும் கூட சேக்கக்கூடாதுன்னு தங்கைகிட்ட சொல்லிடுங்க, ரப்பர் இளகி கிழிஞ்சிடும். நீங்க சொல்ல கூச்சப்பட்டா இந்த பக்கத்தை வெட்டி குடுத்துடுங்க.

கேள்வி: எங்க ஊர் மாரியம்மன் திருவிழா வருது, அந்த தேதிலதான் எனக்கு பீரியட்ஸ் வரும். மெடிக்கல்ல தள்ளிப்போடற மாத்திரை வாங்கி போடலாமா? நான் மாலா-டி எடுக்கறேன். ப்ளீடிங் அதிகமானா நிறுத்தறதுக்கு ட்ரானெக்சமிக் மாத்திரையும் வீட்டுல இருக்கு. வயசு 38. – சமயபுரம் பக்கத்துலேர்ந்து

பதில்: திருவிழா, கிரகப்பிரவேசம்னா எங்க க்ளினிக் வாசல்ல நிக்கறதே இந்த கேள்விதான். மாலா-டி எடுக்கறவங்க தள்ளிப்போடறதுக்கு தனியா மாத்திரை வாங்கவே வேணாம். வெள்ளை மாத்திரை 21ம் முடிஞ்சதும் அந்த பழுப்பு 7ஐ விட்டுட்டு அடுத்த நாளே புது அட்டைல வெள்ளையை ஆரம்பிச்சுடுங்க, அவ்ளோதான், பீரியட்ஸ் தள்ளிப்போயிடும். பழுப்பு மாத்திரை வெறும் இரும்புச்சத்துதான். லேசா துளி படலாம், அது பரவால்ல. மெடிக்கல்ல குடுக்கற நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராமை மாலா-டி மேலயே போட்டா ஹார்மோன் மேல ஹார்மோன், தேவையே இல்லாத சுமை. மாலா-டி எடுக்காத மத்தவங்களுக்கு ஒண்ணு, அந்த தள்ளிப்போடற மாத்திரை கருத்தடை மாத்திரை கிடையாது, அதை நம்பி இருந்துட்டு அப்புறம் எனக்கு கடிதம் எழுதாதீங்க.

உங்க கடிதத்துல என்னை உறுத்தினது அந்த ட்ரானெக்சமிக்தான். அது உறைஞ்ச ரத்தம் கரையாம தடுத்து ப்ளீடிங்கை குறைக்கற மருந்து. மாலா-டில இருக்கற ஈஸ்ட்ரோஜனும் ரத்தம் கட்டற பக்கம்தான் தள்ளும். ரெண்டும் சேந்தா கால் நரம்புல ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்கு போற ஆபத்து கூடும், அதனால ரெண்டையும் சேத்து போடாதீங்க. சில மாத்திரைல வலிக்கு போடற மெஃபெனாமிக்கோட ட்ரானெக்சமிக்கும் கலந்தே வரும், அட்டைக்கு பின்னாடி படிச்சு பாருங்க, மெஃபெனாமிக் மட்டும்னா மாலா-டியோட பிரச்சனை இல்ல. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ சாமி பாத்துட்டு போலாம்னு நிக்காம நேரா ஆஸ்பத்திரி. 38 வயசாச்சுங்கறதால பிபி ஒரு தடவை பாத்துட்டு, இந்த மாத்திரையே தொடரணுமான்னும் கேட்டுக்கோங்க. மாத்திரை எடுத்தும் அதிகமா ப்ளீடிங் ஆகுதுன்னா அது ஏன்னு ஸ்கேன் பண்ணி பாக்க வேண்டிய விஷயம், வீட்டுல ஸ்டாக் வெச்சு நிறுத்தற விஷயம் இல்ல.

கேள்வி: பிசிஓடிக்காக (சினைப்பை நீர்க்கட்டி) கருத்தடை மாத்திரை எடுக்கறேன் மேம், இப்போ வெயிட் குறைய டிர்செபடைட் ஊசி ஆரம்பிச்சிருக்காங்க. ரெண்டும் ஓகேவா? – சென்னை

பதில்: 2025 மார்ச்லதான் அந்த ஊசி நம்ம நாட்டுக்கு வந்துது, அதுக்குள்ள இதுவரைக்கும் எனக்கு வந்த கடிதம் எத்தனைன்னு கேக்காதீங்க. அது வயிறு காலியாகறதை தாமதம் பண்ணும், வாய்வழி போடற மாத்திரை உள்ள ஏறறது குறையும். அதனால ஊசி ஆரம்பிச்ச முதல் 4 வாரமும், ஒவ்வொரு தடவை டோஸ் ஏத்தினப்புறம் 4 வாரமும் கூடவே காண்டம் வேணும்னு தயாரிப்பாளரே சொல்றாங்க. மாசாமாசம் டோஸ் ஏத்திட்டே போனா நடைமுறைல எப்பவுமே காண்டம்தான். வெயிட் குறைய போடற இன்னொரு ஊசி செமக்ளூடைடுக்கு இந்த எச்சரிக்கை இல்ல, ஆனா எந்த ஊசியா இருந்தாலும் வாந்தி வந்தா முதல் பதில்ல சொன்ன கணக்குதான். இன்னொண்ணையும் மறந்துடாதீங்க, பிசிஓடில வெயிட் குறைஞ்சா நின்னுபோன முட்டை வளர்ச்சி திரும்பிடும், "எனக்குத்தான் குழந்தையே தங்காதே"ன்னு அலட்சியமா இருந்த பொண்ணுங்கதான் மாட்டிக்கறாங்க. கர்ப்பத்துல இந்த ஊசி போடக்கூடாது.

கேள்வி: மனைவி டிபி மாத்திரை சாப்பிடுகிறார். நேற்று காண்டம் கிழிந்துவிட்டது. ஐ-பில் வாங்கிக் கொடுத்தால் போதுமா? – ஒரு கணவர், ஈரோடு

பதில்: ஆம்பளைங்க எழுதறதே அபூர்வம், சந்தோஷம். உங்களுக்கு மட்டும் தபால்லயே பதில் போட்டாச்சு, ஏன்னா இதழ் வர்ற வரைக்கும் காத்திருக்கற விஷயம் இல்ல இது. மத்தவங்களுக்காக சொல்றேன், அவசரத்துக்கு போடற ஐ-பில்லும் அதே லெவோநார்ஜெஸ்ட்ரெல்தான், 1.5 மில்லிகிராம், ரிஃபாம்பிசின் அதையும் உடைச்சிடும். 5 நாளுக்குள்ள காப்பர்-டி போட்டுக்கறதுதான் இதுக்கு உறுதியான வழி, அப்படியே பல வருஷத்துக்கு கவலையும் விட்டுச்சு. அது முடியாதவங்களுக்கு ஐ-பில்லை ரெண்டு மடங்கா குடுக்கறது உண்டு, ஆனா அது எவ்வளவு புடிக்கும்னு உறுதி கிடையாது, டாக்டரை பாத்துட்டு போடுங்க, சீக்கிரமா போடுங்க.

கேள்வி: தைராய்டு மாத்திரையும் மாலா-டியும் சேந்து போடலாமா? படர்தாமரைக்கும் மாத்திரை குடுத்திருக்காங்க. – தஞ்சாவூர்

பதில்: படர்தாமரைக்கு என்ன மாத்திரைன்னு எழுதலையே. இட்ராகொனசோல், டெர்பினாஃபின், ஃப்ளூகொனசோல்னா மாலா-டியோட பலம் குறையாது. கிரிசியோஃபுல்வின்னா குறையலாம், அதோட அந்த மாத்திரை சாப்பிடறப்ப கர்ப்பமே ஆகக்கூடாது, அதனால கோர்ஸ் முடியற வரைக்கும், முடிஞ்சு ஒரு மாசமும் காண்டம் கட்டாயம்.

தைராய்டு மாத்திரை மாலா-டியை ஒண்ணும் பண்ணாது. ஆனா மாலா-டி ஆரம்பிச்சா ரத்தத்துல தைராய்டு ஹார்மோனை புடிச்சு வெச்சுக்கற புரதம் கூடும், இதுவரைக்கும் சரியா இருந்த டோஸ் பத்தாம போகலாம், 6லேர்ந்து 8 வாரம் கழிச்சு டிஎஸ்ஹெச்ங்கற தைராய்டு ரத்த டெஸ்ட் ஒண்ணு பாத்துடுங்க. அப்புறம் அந்த பழுப்பு மாத்திரை, இரும்புச்சத்துன்னு சொன்னேன் இல்ல, அதை தைராய்டு மாத்திரையோட சேத்து முழுங்கினா தைராய்டு மாத்திரை உடம்புல ஏறாது, 4 மணி நேரமாவது இடைவெளி வேணும். தைராய்டை காலைல காபிக்கு முன்னாடி வெறும் வயித்துல போடுங்க, மாலா-டியை ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சதும் போடுங்க.